லயக் கூரையும் தென்மேல் மழையும்

ஒரு சமூகத்தின் வரலாற்றைக் கோயில்களிலும் சாசனங்களிலும் தேடுதல் நம் வழக்கம். மலையகத் தமிழரின் வரலாற்றில் ஒரு பகுதியை ஒழுகும் கூரையிலும் தேடவேண்டியுள்ளது. சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கு இக்கூற்று மிகவும் பொருந்தும். தென்மேல் பருவக்காற்று மோதும் மலைச்சரிவுகள் இவை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது.

கோப்பிக் காலத்து லயங்கள் பெரும்பாலும் மண்சுவரும் புற்கூரையும் கொண்டவை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பரும் இங்கு பரவின. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டியிருந்தது. இவற்றுக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து போனவன் குடும்பத்தோடு தங்கலானான். அவனுக்கென எழுந்தவையே தகரம் வேய்ந்த வரிசை வீடுகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, பல குடும்பங்களுக்கும் ஒரே கூரை.

ஒரே கூரை என்பதிலேதான் சிக்கல். நாகம் பூசிய தகரம் புதிதாயிருக்கும்வரை நன்று. ஆணி அறைந்த துளையிற் பூச்சுக் கிழிகின்றது. துரு முதலிற் பிடிப்பது அங்கேதான். ஆணியைத் தகர அலையின் மேட்டில் அறையவேண்டும். பள்ளத்தில் அறைந்தால் ஓடும் நீரெல்லாம் அத்துளையைத் தேடிவரும். துளைக்கு நேர்கீழேதான் சொட்டும் என்று எண்ணுவதும் தவறு. உட்புகுந்த நீர் தகரத்தின் அடிப்புறமாகவோ மரச்சலாகை வழியாகவோ வழிந்து, நாலடி தள்ளி, அயலவர் காம்பராவிற் சொட்டலாம். ஆகவே ஒரு வீட்டின் ஒழுக்கை அடைக்க இன்னொரு வீட்டின்மேல் ஏறவேண்டும். தாரில் தோய்த்த சாக்குத் துண்டை ஒட்டுவது கைவைத்தியம். துருவைச் சுரண்டி, ஈரம் உலர்ந்தபின் ஒட்டினால் சிலகாலம் நிற்கும். மழைக்கு நடுவே ஒட்டினால் தாரினடியில் ஈரம் தங்கி, அடைத்த இடமே விரைவில் அரித்துப்போகும். வெயிற்காலத்தில் ஒழுக்கு எவருக்கும் நினைவு வருவதில்லை. இக்குறை லயத்தாருக்கு மட்டும் உரியதன்று.

றப்பர்த் தோட்டத்தில் மற்றொரு துயரமும் இருந்தது. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. எனவே வேலையும் கூலியும் அற்ற நாளிலேயே தொழிலாளி ஒழுகும் கூரையின்கீழ் அமர்ந்திருந்தான். சட்டிகளை எங்கெங்கு வைப்பது என்பதே அன்றைய வேலை.

1912ஆம் ஆண்டின் சட்டங்கள் லயங்களின் சுகாதாரத்தைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கின. கூரையும் நிருவாகத்தினுடையதே. குடியிருந்தவனுக்கு எஞ்சியது கணக்கப்பிள்ளையிடம் முறையிடுதல். தனதல்லாத கூரைக்குத் தன் கூலியில் தகரம் வாங்கத் தயங்கியதைச் சோம்பல் எனல் நியாயமன்று. 1948இன் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், எந்த நாட்டில் வாழ்வோம் என்பதே பலருக்குத் தெரியாதிருந்தது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களில் இம்மாகாணத் தோட்டத்தார் பலர் லயங்களை விட்டே ஓட நேர்ந்தது. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் பல லயங்களிற் கூரை மாற்றப்பட்டது, பலவற்றில் மாற்றப்படவில்லை.

மேலிருந்து விழும் நீரையே கவனித்தவர்கள் பின்சுவருக்கு அப்பாலுள்ள நீரைப் போதிய அளவு கவனிக்கவில்லை. சரிவை வெட்டிக் கட்டிய லயத்தின் பின்வடிகால் அடைபட்டால், மண் ஊறிச் சுவரை நெருக்கும். 2016 மே 17ஆந் திகதி அரநாயக்காவிலும் புளத்கொகுப்பிட்டியிலும் மலை சரிந்தது. புளத்கொகுப்பிட்டியிற் புதையுண்டவை தோட்டத்து லயங்கள்.