அவைக்குள் ஒரு தொழுமிடம்: லூயி கானும் டாக்கா நாடாளுமன்றமும்

‘கான்’ என்னும் பெயரைக் கேட்டதும் அவரை முஸ்லிம் என்று கருதுவோர் உளர். ஆனால், வங்கதேச நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த லூயி கான் யூதக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். அக்கட்டடத்தில் தொழுகைக்கு அவர் அளித்த இடம், இஸ்லாமியக் கட்டடக்கலை என்றால் என்ன என்பதை நம்மை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கிறது.

அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாயிருந்த எஸ்தோனியாவில் 1901இல் ஒரு வறிய குடும்பத்தில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் நெருப்புக் கங்கு பட்டு முகத்தில் உண்டான தழும்பு ஆயுள் முழுவதும் மறையவில்லை. 1906இல் அவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகருக்குக் குடிபெயர்ந்தார். ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துப் பொருளீட்டியவாறே பயின்று, 1924இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். புகழோ ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவரைத் தேடி வந்தது. 1950–51ஆம் ஆண்டுகளில் இத்தாலி, கிரேக்கம், எகிப்து ஆகிய நாடுகளின் தொன்மைச் சின்னங்களைக் கண்டமை அவரது நோக்கையே மாற்றிற்று. எஃகும் கண்ணாடியும் கோலோச்சிய காலத்தில், கனத்த சுவரையும் அதனூடே இறங்கும் ஒளியையும் அவர் நாடினார். கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனமும் அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகமும் இதற்குச் சான்றுகள்.

டாக்காவைப் பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகராக்க அயூப்கான் அரசு முடிவு செய்தபோது, அப்பணி முதலில் வங்கக் கட்டடக் கலைஞர் முஸ்ஹருல் இஸ்லாமை நாடி வந்தது. அவரோ தாம் விலகிக்கொண்டு, உலகறிந்த கலைஞர் ஒருவரை அழைக்குமாறு வேண்டினார். அவ்வாறே 1962இல் பொறுப்பு கானிடம் வந்தது.

அரசு தந்த திட்டக் குறிப்பில், மூவாயிரம் சதுர அடியில் ஒரு தொழுகை அறையும், விரிப்புகளை வைக்க ஓர் அலமாரியும் மட்டுமே கேட்கப்பட்டிருந்தன. கானோ அதைப் பன்மடங்கு விரித்து, தெற்கு வாயிலின் மேற்புறத்தில் ஒரு பள்ளிவாசலாகவே அமைத்தார். கட்டடம் முழுவதும் ஓர் ஒழுங்கான அச்சில் நிற்க, தொழுமிடம் மட்டும் அவ்வச்சிலிருந்து சற்றே விலகி கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. சட்டமன்றத்தின் சமச்சீர் குலைந்தாலும் தொழுகையின் திசை பிழைக்கலாகாது என்பதை அந்தச் சிறு திருப்பமே சொல்லிவிடுகிறது.

அங்கே வளைவுகளோ அரபு எழுத்தணிகளோ கண்ணைக் கவர்வதில்லை. நான்கு மூலைகளிலும் உள்ள உருளைகளின் வழியே ஒளி இறங்குகிறது; அவ்வளவே. தொழுமிடத்திற்குக் குவிமாடமும் மினாராவும் நிபந்தனைகள் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவதில்லை. தூய இடமும் கிப்லாவை முன்னோக்குதலுமே அவை கேட்பவை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளியும் மண்கற்களாலும் பேரீச்ச மரங்களாலும் ஆனதே. அலங்காரத்தையே அடையாளமாகக் கொண்டு பொருளுரையை மறக்கும் நமக்கு இது ஒரு பாடம் அன்றோ!

ஏழை நாட்டுக்கு இத்துணைப் பெருஞ்செலவு தகுமா என்று அன்றே கேட்கப்பட்டது. அக்கேள்வி நியாயமானதே. 1971 போரில் பணி நின்றது. புதிய நாடு பிறந்தபின் மீண்டும் தொடர்ந்தது. மூங்கில் சாரங்களின்மீது கூலித் தொழிலாளர் நாளொன்றுக்கு ஐந்தடி உயரமே கான்கிரீட் இட்டனர். இணைப்புகள் வெண்பளிங்குப் பட்டைகளாயின. 1974 மார்ச் 17 அன்று, அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் இரயில் நிலையத்தில் கான் மாரடைப்பால் இறந்தார். கடன் சுமையோடு மறைந்த அவர், டாக்காக் கட்டடம் நிறைவுற்றதைக் காணவில்லை.

1982 பிப்ரவரியில் அங்கே நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. மறுமாதமே தளபதி எர்ஷாத் இராணுவச் சட்டத்தின் மூலம் அதைக் கலைத்தார். 1989இல் அக்கட்டடம் ஆகாகான் விருது பெற்றது. அவையில் கூடுவோர்க்குச் சுவரும் ஒளியும் திசையும் அளிக்க ஒரு கலைஞரால் இயன்றது. ஷூராவை, அதாவது கலந்தாலோசனையை, உயிரோடு காப்பது அவையில் அமர்வோரின் அமானிதமாகும்.