வட சென்டினல் தீவும் தலையிடாமை விதியும்

வட சென்டினல் தீவு வங்காள விரிகுடாவில் உள்ள அந்தமான் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. போர்ட் பிளேருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. பரப்பளவு சுமார் 60 சதுர கி.மீ. சுற்றிலும் பவளப்பாறை, வெண்மணல் கரை, உள்ளே அடர்ந்த காடு. இங்கு வாழும் மக்களை வெளியுலகம் சென்டினலியர் என்று அழைக்கிறது. அவர்கள் தம்மை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள் என்பது வெளியில் எவருக்கும் தெரியாது. அண்டைத் தீவுகளில் வாழும் ஓங்கே மக்களை உடன் அழைத்துச் சென்றபோது அவர்களுக்கும் இவர்களின் பேச்சு புரியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 பேர் என்று பதிவாகியுள்ளது. அது படகிலிருந்து தொலைவில் பார்த்து எண்ணிய எண்ணிக்கை. உண்மையான தொகை அதைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுமார் மூன்று நாளில் போர்ட் பிளேரை அடைந்துவிடலாம். அங்கிருந்து கூப்பிடு தூரம் போலத் தோன்றும் இத்தீவில் மட்டும் எவரும் கால் வைக்கக் கூடாது. இது இந்திய அரசின் சட்டம். இந்தியாவின் எல்லைக்குள் இருக்கும் மக்களின் வாழ்வில் இந்திய அரசே தலையிடுவதில்லை என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருப்பது அரிய ஏற்பாடு.

1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், பல கோள்களின் உயிரினங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று வரும். வளர்ச்சியில் பின்தங்கிய உலகங்களின் போக்கில் தலையிடக் கூடாது என்பது அதன் தலையாய விதி. அறிவியல் புனைகதை படிப்பவர்கள் அதை மனிதக் கற்பனையின் உயர்ந்த எண்ணங்களில் ஒன்றாகப் பேசுவதுண்டு. அத்தொடர் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தமானில் அதற்கு ஒப்பான சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் கற்பனையில் பிறக்கவில்லை. அதற்கு முன் ஓர் இனமே ஏறத்தாழ அழிந்துபோயிருந்தது.

பெரும் அந்தமானியரின் கதை

1858இல் பிரித்தானியர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது பெரும் அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் பல்லாயிரம் பேர் இருந்தனர். அடுத்த ஆண்டே குடியிருப்பைத் தாக்கினர். வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு முன் நிற்கவில்லை. அதன் பிறகு வந்தது சண்டையைவிடக் கொடியது. 1863இல் 'அந்தமான் இல்லம்' என்ற பெயரில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. உணவும் உடையும் கொடுத்துப் பழங்குடியினரைப் பழக்கப்படுத்துவது நோக்கம். தொடங்கியவர்கள் கெட்ட எண்ணத்தோடு தொடங்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விடுதியின் வழியாகவே புகையிலையும் மதுவும் மேகநோயும் காட்டுக்குள் சென்றன. 1877இல் தட்டம்மை பரவியது. முன்பின் அம்மையைக் கண்டிராத உடல்களில் அது தீயைப்போல் பற்றியது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர் எஞ்சியிருந்தனர். 1961இல் 19 பேர். அவர்கள் பேசிய பத்து மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளர் 2010இல் காலமானார்.

வட சென்டினல் தீவின் வரலாற்றைப் படிப்பவர் இந்த எண்களை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அம்மக்கள் ஏன் அம்பு எய்கிறார்கள் என்பது வெறும் காட்டுமிராண்டித்தனமாகவே தோன்றும்.

1880: போர்ட்மன் வந்த ஆண்டு

1771இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அளவைக் கப்பல் ஒன்று இத்தீவைக் கடந்தபோது கரையில் விளக்கொளிகள் தெரிந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1867இல் 'நினிவே' என்னும் வணிகக் கப்பல் பவளப்பாறையில் மோதியது. கரையேறிய நூற்றுக்கும் மேற்பட்டோர் மூன்றாம் நாள் தாக்கப்பட்டனர். பின்னர் பிரித்தானியக் கடற்படை வந்து அவர்களை மீட்டது.

1880 ஜனவரியில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் இளம் அதிகாரி ஆயுதம் தாங்கிய பெரிய குழுவுடன் இறங்கினார். மக்கள் குடிசைகளை விட்டுக் காட்டுக்குள் மறைந்துவிட்டனர். பல நாள் தேடியபின் முதிய கணவன் மனைவியும் நான்கு குழந்தைகளும் அகப்பட்டனர். அவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டு சென்றார். விரைவிலேயே எல்லோரும் நோயுற்றனர். முதியவர்கள் இருவரும் இறந்தனர். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு தீவில் கொண்டுவிட்டார். அந்தக் குழந்தைகளோடு எந்தெந்த நோய்கள் சென்றன, அதனால் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்குப் பதிவு கிடையாது. இந்தப் பயணத்தால் அம்மக்களின் அச்சத்தையும் பகையையும் கூட்டியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்ற பொருளில் போர்ட்மனே பின்னாளில் எழுதினார். அவருடைய செயல்களில் கண்டிக்கத்தக்கவை பல. ஆனாலும் தன் தவற்றை அச்சில் ஒப்புக்கொண்ட அதிகாரிகள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

சட்டமும் தேங்காயும்

விடுதலைக்குப் பின் 1954இல் இந்தியாவும் சீனாவும் செய்த உடன்படிக்கையில் ஐந்து கொள்கைகள் இடம்பெற்றன. பஞ்சசீலம் எனப்படும் அவற்றுள் ஒன்று, பிற நாட்டின் உள் விவகாரங்களில் தலையிடாமை. அதே பெயரைப் பின்பற்றி, பழங்குடியினரை நடத்துவதற்கும் ஐந்து நெறிகளை நேரு 1958இல் எழுதினார். மானிடவியலாளர் வெரியர் எல்வின் வடகிழக்கு எல்லைப்புற மக்களைப் பற்றி எழுதிய நூலின் இரண்டாம் பதிப்புக்கான முன்னுரை அது. மக்கள் தம் இயல்பின்படி வளர வேண்டும், எதையும் அவர்கள்மேல் திணிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்த இரண்டுக்கும் இடையில், 1956இல் அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இயற்றப்பட்டது. பழங்குடியினர் வாழும் பகுதிகளை ஒதுக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கவும், அனுமதியின்றி நுழைவோரைத் தண்டிக்கவும் அது வழிசெய்தது. வட சென்டினல் தீவு முழுவதும், கரையிலிருந்து 5 கி.மீ. வரையுள்ள கடலும் இன்று ஒதுக்கப்பட்ட பகுதி.

ஆனால் பிறரைத் தடுத்த அரசு தன்னைத் தடுத்துக்கொள்ளவில்லை. 1967இல் மானிடவியலாளர் டி.என். பண்டிட் இடம்பெற்ற குழு முதன்முதலாகத் தீவில் இறங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் பரிசு கொண்டுசெல்லும் பயணங்கள் நடந்தன. அலுமினியப் பாத்திரம், துணி, தேங்காய் ஆகியவற்றைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்புவார்கள். 1974இல் ஓர் ஆவணப்படக் குழு சென்றபோது பொம்மையையும் கட்டிய பன்றியையும் வைத்தனர். தீவினர் இரண்டையும் மணலில் புதைத்தனர். படத்தின் இயக்குநர் தொடையில் அம்பு தைத்தது. தேங்காயையும் பாத்திரங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டனர். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

1981இல் 'பிரிம்ரோஸ்' என்னும் சரக்குக் கப்பல் தரைதட்டியது. மாலுமிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். கப்பல் அங்கேயே கிடந்தது. அதன் இரும்பு அம்பு முனைகளாகியது. வெளியுலகத்திடமிருந்து தீவினர் பெற்ற பயனுள்ள பொருள் என்றால் அந்த இரும்பைத்தான் சொல்ல வேண்டும். அதை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

1991 ஜனவரி 4 அன்று நடந்தது வேறு வகை. அன்று சென்ற குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்னும் பெண் ஆய்வாளர் இருந்தார். படகிலிருந்து தேங்காய்களை நீரில் மிதக்கவிட்டனர். தீவினர் இடுப்பளவு நீரில் இறங்கி எடுத்துக்கொண்டனர். ஓர் இளைஞன் அவரைக் குறிவைத்து வில்லை வளைத்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனைத் தள்ளிவிட அம்பு நீரில் விழுந்தது. பிறகு அவர்கள் தேங்காயைக் கையிலிருந்தே வாங்கினர். நூறாண்டுப் பகைக்குப் பின் கிடைத்த இந்த நட்பைத் தொடர்ந்து வளர்த்திருப்பார்கள் என்றே எவரும் எதிர்பார்ப்பர். மாறாக, 1996 வாக்கில் பயணங்களையே அரசு நிறுத்திவிட்டது.

ஏன் நிறுத்தினர்

விடை பக்கத்துத் தீவில் இருக்கிறது. தெற்கு, மத்திய அந்தமான் காடுகளில் வாழும் ஜாரவா மக்களும் வெளியாரிடமிருந்து விலகியே இருந்தவர்கள். அவர்கள் காட்டை ஊடறுத்து அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டது. 1996இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா சிறுவன் ஒருவனைக் கிராமத்தார் கண்டெடுத்தனர். போர்ட் பிளேர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை அளித்துத் திருப்பி அனுப்பினர். மனிதாபிமானம் உள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். அடுத்த ஆண்டு முதல் ஜாரவாக்கள் ஆயுதமின்றிப் பகலிலேயே சாலைக்கும் கிராமங்களுக்கும் வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சாலையோரம் பிஸ்கட்டுக்குக் கைநீட்டும் நிலையும் வந்தது. உணவு காட்டி ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காட்சி 2012இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது.

ஜாரவா பகுதிக்குள் செல்லும் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. இன்றும் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2004இல் அரசு அறிவித்த ஜாரவா கொள்கை, தலையீட்டை இயன்றவரை குறைப்பது என்று கூறுகிறது. வட சென்டினல் தீவுக்கோ, தொலைவிலிருந்து கண்காணிப்பது மட்டும், தொடர்பு இல்லை என்பதே நடைமுறை.

விதிக்கு வந்த சோதனைகள்

2004 டிசம்பர் ஆழிப்பேரலை வந்தபோது, விதியைக் காப்பதா உயிரைக் காப்பதா என்ற கேள்வி உண்மையாகவே எழுந்தது. சில நாள்கள் கழித்துக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் தாழப் பறந்து பார்த்தது. மணலில் நின்ற ஒருவர் அதை நோக்கி வில்லை வளைத்தார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. நலமாக இருக்கிறோம், போய்வாருங்கள் என்று அதற்குப் பொருள் கொண்டனர்.

2006 ஜனவரியில் மீனவர் இருவரின் படகு இரவில் தீவை நோக்கி மிதந்து சென்றுவிட்டது. இருவரும் கொல்லப்பட்டனர். உடல்களை எடுக்கச் சென்ற ஹெலிகாப்டர் அம்புகளால் திரும்ப நேர்ந்தது. கொலை என்று வழக்கு நடத்த முடியாது. நடத்தினால் யாரைக் கூண்டில் நிறுத்துவது? இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காகக் கடலுக்குச் செல்லும் ஏழைகள் என்பதையும் மறைக்கக் கூடாது.

2018 ஆகஸ்டில் சுற்றுலாவை வளர்க்கும் எண்ணத்தில் 29 தீவுகளுக்கு வெளிநாட்டவர் சிறப்பு அனுமதி பெறத் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. பட்டியலில் வட சென்டினலும் இருந்தது. 1956 ஒழுங்குமுறையின் தடை நீடித்தாலும், ஒரு கதவு திறந்தது போன்ற தோற்றம் ஏற்பட்டது. நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்னும் அமெரிக்கர் சமயப் பரப்புரை நோக்கத்துடன் மீனவர்களுக்குப் பணம் கொடுத்துத் தீவுக்குச் சென்று கொல்லப்பட்டார். அழைத்துச் சென்ற மீனவர்கள் கைது செய்யப்பட்டனர். காவல் துறையினர் படகில் கரை தெரியும் தூரம் வரை சென்றனர். வில்லேந்தி நின்றவர்களைக் கண்டதும் திரும்பினர். உடலை மீட்க வேண்டாம் என மானிடவியலாளர்கள் வேண்டினர். உடல் இன்றுவரை மீட்கப்படவில்லை.

2025 மார்ச் இறுதியில் மற்றோர் அமெரிக்க இளைஞர் காற்றடைத்த படகில் தனியே சென்றார். கரைக்கு அப்பால் நின்று ஊதல் ஊதினார். எவரும் வரவில்லை. ஐந்து நிமிடம் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பானக் குப்பியையும் மணலில் வைத்தார். கொஞ்சம் மணலை அள்ளிக்கொண்டு திரும்பினார். சில நாளில் கைது செய்யப்பட்டார்.