ஆக்ரன் தந்த பாடம்

மதுவுக்கு அடிமையானவனை மீட்பது எது? மிரட்டலா? ஏச்சா? வரலாற்றைக் கேட்போம், தோழர்களே!

1935 மே திங்கள். அமெரிக்காவின் ஆக்ரன் நகர், மேபிளவர் ஓட்டல். வந்த வணிகம் முறிந்து, வாடி நின்றார் நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன். குடியை விட்டு ஐந்தே திங்கள். ஒருபுறம் மதுக்கூடம் அழைத்தது, மறுபுறம் தொலைபேசி. தொலைபேசியை எடுத்தார். தேடியது யாரை? தம்மைப்போல் தவிக்கும் இன்னொரு குடிகாரரை!

கிடைத்தார் மருத்துவர் பாப் ஸ்மித். கால்மணி நேரமே தருவதாக வந்தவர் மணிக்கணக்கில் பேசினார். ஏன்? எதிரே இருந்தவர் ஏசவில்லை. தம் கதையைச் சொன்னார். அங்கே அரும்பியதே ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’.

1957இல் இந்தியாவுக்கும் வந்த அக்கூட்டங்கள் இன்று நம் நகரங்களிலும் நடக்கின்றன. கட்டணமில்லை, குலம் கேட்பாரில்லை. தெருவில் விழுந்தவனைக் கண்டு நகைக்கும் நாம், கூட்டம் நடக்குமிடத்தை அவனுக்குக் காட்டினோமா?