கூடைப்பந்தும் கணுக்காலும்

பேரன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்திருக்கிறான். கணுக்காலை மூடும் உயரமான ஷூ வேண்டுமாம். "அதைப் போட்டால் கால் சுளுக்காது தாத்தா" என்றான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் விளையாட்டு ஷூவுக்கே 'பாஸ்கெத்' என்றுதான் பெயர். ஆட்டத்தின் பெயர் காலணியில் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இந்த ஆட்டம் பிறந்ததே அடிதடியைக் குறைக்கத்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் உள்ளே அடைபட்டிருந்த 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதை உண்டாக்கினார். கட்டாந்தரையில் மோதி விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே பந்தோடு ஓடாதே, இடிக்காதே, தள்ளாதே என்று 13 விதிகள் எழுதினார். கூடையை 10 அடி உயரத்தில் மாட்டினார். வேகமாக எறிவது போய், குறிபார்த்து எறிவது வந்தது. இரண்டே வருடத்தில், 1893 டிசம்பரில், பாரீஸின் த்ரெவீஸ் தெருவிலும் ஆடினார்கள்.

ஆனால் உயரக் கூடை என்றால் எகிற வேண்டும். எகிறினால் இறங்க வேண்டும். இறங்கும்போது அடுத்தவர் பாதத்தை மிதித்தால் கணுக்கால் மடங்கும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் ஜவ்வு கிழியும். 1917இல் கான்வர்ஸ் நிறுவனம் உயரமான கான்வாஸ் ஷூவைக் கொண்டுவந்தது. அதுவே காப்பு என்று பலரும் நம்பினோம். 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 622 கல்லூரி ஆட்டக்காரர்களிடம் உயர ஷூவுக்கும் தாழ்ந்த ஷூவுக்கும் சுளுக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

என் இடது கணுக்காலுக்கு அது அப்போதே தெரியும். பதினேழு வயதில் சுளுக்கியது. வீக்கம் வடியும் முன்பே துணியைச் சுற்றிக்கொண்டு மறுவாரம் ஆடினேன். மறுபடி சுளுக்கியது, பிறகும் சுளுக்கியது. இன்றும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறேன்.

பேரனுக்குச் சொன்னது இதுதான். ஆடுமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கு. தினமும் ஒற்றைக்காலில் நின்று பழகு. எகிறி இறங்கும்போது முட்டியை மடக்கி, பாதத்துக்கு நேராக வைத்து, சத்தமில்லாமல் இறங்கு. ஒருமுறை சுளுக்கினால் முழுக்க ஆறும்வரை உட்கார். பிறகு ஆடும்போது கணுக்கால் பட்டை கட்டிக்கொள்.

ஷூவும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வது, தாத்தா ஆயிற்றே!