விசாரணையின்றிச் சிறைவைப்பு: வட அயர்லாந்து (1971–1975)

ஆயுதக் குழுக்களை ஒடுக்குவதற்காக, வழக்கோ குற்றச்சாட்டோ இல்லாமல் ஆட்களைக் காலவரையின்றி அடைத்துவைக்கும் முறை வட அயர்லாந்தில் 1971 ஆகஸ்ட் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. 1975 டிசம்பர் 5 வரை நீடித்த இந்த முறையில் மொத்தம் 1,981 பேர் சிறைவைக்கப்பட்டனர். அவர்களில் 1,874 பேர் கத்தோலிக்கத் தேசியவாதத் தரப்பைச் சேர்ந்தவர்கள். பிரிட்டனோடு இணைந்திருப்பதை ஆதரித்த புராட்டஸ்டண்ட் தரப்பினர் 107 பேர் மட்டுமே. ஆயுதம் ஏந்தியவரையும் அதே தெருவில் குடியிருக்கும் சாமானியரையும் அரசு பிரித்தறியத் தவறியதற்கு, பின்னாளில் நீதிமன்றங்களும் விசாரணைக் குழுக்களும் நுணுக்கமாக ஆராய்ந்து பதிவுசெய்த சான்று இது.

1921இல் உருவான வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் உள்ளாட்சி வாக்குரிமையிலும் அவர்கள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டனர். 1969 ஆகஸ்ட் கலவரங்களை அடக்க பிரிட்டிஷ் இராணுவம் வந்தபோது கத்தோலிக்கக் குடும்பங்கள் பல படையினருக்குத் தேநீர் கொடுத்து வரவேற்றன. அந்த நல்லுறவு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1970 ஜூலை 3 அன்று பெல்பாஸ்டின் ஃபால்ஸ் பகுதியில் ஆயுதம் தேடப் போன இராணுவம், எதிர்ப்புக் கிளம்பியதும் ஊரடங்கு அறிவித்து வீடுவீடாகச் சோதனையிட்டது. துப்பாக்கிகள் சிக்கின, ஆனால் பொதுமக்கள் நால்வர் இறந்தனர், கண்ணீர்ப் புகை குடியிருப்புகளை நிறைத்தது. மூன்றாம் நாள் பக்கத்துப் பகுதிப் பெண்கள் குழந்தை வண்டிகளில் ரொட்டியும் பாலும் ஏற்றிக்கொண்டு ஊர்வலமாக வந்து, இராணுவத் தடைகளைத் தாண்டி உள்ளே நுழைந்ததோடு ஊரடங்கு முடிவுக்கு வந்தது. அதன்பின் அந்தத் தெருக்களில் இராணுவத்தை நம்புவார் குறைந்தனர், பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஐரியக் குடியரசுப் படையில் (ஐ.ஆர்.ஏ.) சேர்வோர் பெருகினர்.

1971 மார்ச்சில் வட அயர்லாந்தின் பிரதமரான பிரையன் ஃபாக்னர், ஐ.ஆர்.ஏ. நடத்திய 1956–1962 எல்லைப் போராட்டத்தின்போது சிறைவைப்பு பலன் தந்ததை அறிந்தவர். அப்போது அயர்லாந்துக் குடியரசும் தன் எல்லைக்குள் அதே முறையைக் கையாண்டதால் ஐ.ஆர்.ஏ.வினருக்கு ஓடி ஒளிய இடமில்லாமல் போனது. 1971இல் அந்த ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. 1922ஆம் ஆண்டின் சிறப்பு அதிகாரச் சட்டத்தை மட்டும் நம்பி நடவடிக்கை தொடங்கியது.

ஆகஸ்ட் 9 விடியற்காலை 4 மணிக்கு வீடுகளின் கதவுகள் உடைக்கப்பட்டன. 342 பேர் பிடிபட்டனர். காவல்துறையின் உளவுப்பிரிவு தந்த பட்டியல் பழையது: எப்போதோ இயக்கத்தை விட்டு விலகிய முதியவர்கள், ஆயுதத்தைத் தொட்டேயிராத குடிமை உரிமை இயக்கத்தினர் எனப் பலர் அதில் இருந்தனர். மகனைத் தேடிப் போய்த் தந்தையைக் கொண்டுவந்த சம்பவங்களும் உண்டு. 1966லேயே கொலைகளைத் தொடங்கிவிட்ட புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழுவான அல்ஸ்டர் தன்னார்வப் படையிலிருந்து ஒருவர்கூடப் பிடிக்கப்படவில்லை. புராட்டஸ்டண்ட் தீவிரவாதிகள்மீது இந்த அதிகாரம் முதன்முதலில் பாய்ந்தது 1973 பிப்ரவரியில்தான். தேடப்பட்ட ஐ.ஆர்.ஏ. தலைவர்கள் பலர் முன்கூட்டியே தலைமறைவாகிவிட்டனர். அவர்களில் ஒருவரான ஜோ காஹில் சில நாட்களில் பெல்பாஸ்டிலேயே செய்தியாளர்களைச் சந்தித்து, தங்கள் இயக்கத்துக்குப் பெரிய இழப்பில்லை என்று அறிவித்தார். பிடிபட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இரண்டே நாட்களில் விடுவிக்கப்பட்டனர். அவர்களை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு விளக்கம் ஏதும் தரப்படவில்லை. இது அநீதி, பாதுகாப்பு நோக்கிலும் வீண்வேலை.

நடவடிக்கையை ஒட்டிய மூன்று நாட்களில் பெல்பாஸ்டின் பாலிமர்ஃபி பகுதியில் ஒரு பாதிரியாரும் எட்டுப் பிள்ளைகளின் தாயும் உட்படப் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிடிபட்டவர்களில் 14 பேர் தனியே கொண்டுசெல்லப்பட்டு, தலையை மூடி, சுவரில் சாய்த்து மணிக்கணக்கில் நிற்கவைத்து, இடைவிடாத இரைச்சலில், உணவும் உறக்கமும் இன்றி விசாரிக்கப்பட்டனர். இந்த ஐந்து முறைகளையும் பிரிட்டிஷ் அரசு 1972 மார்ச்சில் தடைசெய்தது.

சந்தேகம் செத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1971 டிசம்பர் 4 அன்று பெல்பாஸ்டில் மெகர்க் குடும்பத்தினர் நடத்திய மதுக்கடையில் அல்ஸ்டர் தன்னார்வப் படை வைத்த குண்டு வெடித்து 15 கத்தோலிக்கர் இறந்தனர். கடைக்காரரின் மனைவியும் மகளும் அவர்களில் அடக்கம். ஐ.ஆர்.ஏ.வின் குண்டு கடைக்குள்ளேயே தவறி வெடித்தது என்று அதிகாரிகள் பரப்பினர். தங்கள் வீட்டார் குண்டு வைத்தவர்கள் என்ற பழியைக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்தன. உண்மைக் குற்றவாளி ஒருவர் 1978இல் தண்டிக்கப்பட்ட பிறகும் அந்தப் பழி முழுதாக விலகவில்லை.

1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் சிறைவைப்பை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மீது பாராசூட் படைப்பிரிவு சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமுற்ற இன்னொருவர் பின்னர் உயிரிழந்தார். ஐ.ஆர்.ஏ.வும் சாமானியரைப் பொருட்படுத்தவில்லை: அதே ஆண்டு ஜூலை 21 அன்று பெல்பாஸ்டில் அடுத்தடுத்து வெடித்த அதன் குண்டுகள் ஒன்பது பேரைக் கொன்றன. 1972 அந்த மோதலின் மிகக் கொடிய ஆண்டாயிற்று. 470க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மார்ச் மாதம் வட அயர்லாந்து அரசு இடைநிறுத்தப்பட்டு லண்டனின் நேரடி ஆட்சி வந்தது.

ஆயுதம் ஏந்தியவரா என்ற ஐயம் எழுந்தால் ஒருவரைப் பொதுமகனாகவே கருத வேண்டும் என்று ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை கூறுகிறது. அது முதன்மையாக நாடுகளுக்கிடையிலான போருக்கானது. வட அயர்லாந்தில் நடந்ததைப் பிரிட்டன் போராக ஏற்கவில்லை; ஆகவே நியாயம் தேடியவர்கள் மனித உரிமைச் சட்டத்தையும் உள்நாட்டு நீதிமன்றங்களையுமே நாடினர். ஐந்து விசாரணை முறைகளும் மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என 1978 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சித்திரவதை என்று சொல்ல மறுத்தது. டெரியில் சுடப்பட்டவர்களால் எந்த அச்சுறுத்தலும் இருக்கவில்லை என்று அந்தத் துப்பாக்கிச்சூட்டை ஆராய்ந்த சாவில் விசாரணையின் அறிக்கை 2010 ஜூன் 15 அன்று உறுதிசெய்ய, அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1973இல் ஐரியக் குடியரசுவாதத் தலைவர் ஜெரி ஆடம்ஸைச் சிறைவைத்த ஆணையை அமைச்சர் நேரில் பரிசீலிக்கவில்லை என்பதால் அது செல்லாது என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. பாலிமர்ஃபியில் இறந்த பத்துப் பேரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என மரண விசாரணை நீதிமன்றம் 2021 மே மாதம் அறிவித்தது. அதற்குள் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.