சூழல்சார் விளம்பரங்களில் பொருத்தமின்மை

சூழல்சார் விளம்பரம் என்பது, ஒரு வலைப்பக்கத்தில் எழுதியிருப்பதை நிரல் ஒன்று படித்து, அதன் பொருளோடு ஒட்டியதைத் தேர்ந்து அதே பக்கத்தில் காட்டும் இணைய விளம்பரம். தென்னை நார்த் தொழில் பற்றிய பக்கத்தில் நார் உரிக்கும் இயந்திரத்தின் விளம்பரம் வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அங்கே ஜாதகக் கணிப்போ எடைக் குறைப்பு மாத்திரையோ வந்து உட்கார்ந்தால் அதைப் பொருத்தமின்மை என்பர். இக்குறை மூன்று இடங்களில் பிறக்கிறது: நிரலால் பக்கத்தைப் படிக்க முடியாமல் போகலாம், படித்தும் தவறாகப் புரிந்துகொள்ளலாம், பக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்வையாளரை வைத்தே விளம்பரத்தைத் தேர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. எனவே குறை எங்கே பிறந்தது என்று கண்டறிவதே சீர்செய்தலின் முதல் வேலை.

வரலாறு

1998இல் அமெரிக்காவில் கில் எல்பாஸ், ஆடம் வைஸ்மன் இருவரும் ஆய்ங்கோ என்ற தேடல் நிறுவனத்தைத் தொடங்கினர். சொற்களுக்கு இடையிலான பொருளுறவைக் கொண்டு தேடுவது அதன் முறை. அப்ளைடு செமான்டிக்ஸ் எனப் பின்னர் பெயர் மாறிய அந்நிறுவனம் ஆட்சென்ஸ் என்ற விளம்பரச் சேவையை வைத்திருந்தது. 2003 ஏப்ரலில் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு ஜூனில், சிறு தளங்களும் சேரக்கூடிய சேவையாக ஆட்சென்ஸ் என்ற பெயரிலேயே திறந்துவிட்டது.

பொருத்தமின்மையின் மிகப் பிரபலமான எடுத்துக்காட்டும் அதே 2003இல்தான் நிகழ்ந்தது. கொலையுண்ட ஒருவரின் உடல் துண்டுகள் சூட்கேசில் அடைக்கப்பட்டிருந்த செய்தியை நியூயார்க் போஸ்ட் நாளிதழ் தன் தளத்தில் வெளியிட்டது. செய்தியின் அருகில் தோன்றியது சூட்கேஸ் விற்பனை விளம்பரம். நிரல் சொல்லைச் சரியாகவே பிடித்திருந்தது, சந்தர்ப்பத்தைத்தான் தவறவிட்டது. கொலை, விபத்து, பேரிடர்ச் செய்திகளில் விளம்பரத்தை நிறுத்திவைக்கும் வடிகட்டிகள் ஏன் தேவை என்பதற்கு இன்றும் இந்நிகழ்வையே சுட்டுகின்றனர்.

2008இல் டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனம் கூகுளின் கைக்கு வந்தது. 2009 மார்ச்சில், பார்வையாளரின் ஆர்வங்களை வைத்து விளம்பரம் காட்டும் முறையை கூகுள் அறிவித்தது. அதன்பின் ஒரே விளம்பரக் கட்டத்துக்குப் பக்கத்தின் பொருளும் பார்வையாளரின் பழக்கமும் சேர்ந்து போட்டியிடத் தொடங்கின. இன்று எழும் புகார்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

தேர்வு நடக்கும் விதம்

விளம்பர நிறுவனத்தின் ஊர்ந்தி, அதாவது பக்கங்களைத் தேடி வந்து படிக்கும் நிரல், தலைப்பு, உட்தலைப்புகள், உடற்பகுதி, இணைப்புகள் ஆகியவற்றை வாசித்துப் பக்கத்தின் மொழியையும் பொருளையும் குறித்துவைக்கிறது. வாசகர் பக்கத்தைத் திறந்ததும் விளம்பரக் கட்டத்துக்கு ஒரு நொடிக்குள் ஏலம் நடந்து முடிகிறது. பக்கத்தின் பொருளை நோக்கி வருவோர், அந்தத் தளத்தையே குறிவைப்போர், பார்வையாளரின் ஆர்வத்தைத் துரத்துவோர், குறிப்பிட்ட ஊர்க்காரர்களைத் தேடுவோர், எந்தத் தளமானாலும் சரி என்போர் என எல்லாரும் அதில் கலந்துகொள்வர். நன்கு பொருந்தும் விளம்பரதாரர் குறைவாகக் கேட்டால், பொருந்தாதவர் கூடுதலாகக் கேட்டு இடத்தைப் பிடித்துவிடுவார்.

பக்கத்தின் பொருள் பிடிபடாதபோது தொடக்ககால ஆட்சென்ஸ் பொதுநல விளம்பரங்களைக் காட்டியது. அவை தொடர்ந்து வந்தாலே ஊர்ந்தி பக்கத்தைப் படிக்கவில்லை என்று தள உரிமையாளர் ஊகித்துவிடுவார். அவ்வழக்கம் கைவிடப்பட்டபின் அந்த எளிய அறிகுறி இல்லாமல் போயிற்று.

காரணங்கள்

படிக்க முடியாமை. ஆட்சென்ஸ் ஊர்ந்தியின் பெயர் மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள். தளத்தின் ரோபாட்ஸ் கோப்பில் நட்சத்திரக் குறியிட்டு எல்லா ஊர்ந்திகளுக்கும் பொதுவாக விதிக்கும் தடை இதைக் கட்டுப்படுத்தாது. பெயர் சொல்லித் தடுத்தால் மட்டுமே இது விலகும். அந்தக் கோப்பில் தடை ஏதும் இல்லாமலே, வழங்கியில் உள்ள பாதுகாப்புச் சுவர் இதைத் தீய நிரல் என்று கருதித் திருப்பி அனுப்புவதும் உண்டு. கடவுச்சொல் கேட்கும் பக்கங்கள், எழுத்துகளைப் படமாக இட்ட பக்கங்கள் ஆகியவற்றிலும் ஊர்ந்திக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. விளம்பர நிரல்துண்டைத் தனிச் சட்டகத்துக்குள் வைத்தால், சுற்றியுள்ள கட்டுரை அதன் கண்ணில் படாமல் போகலாம். ஒவ்வொரு வருகைக்கும் முகவரியில் புதிய எண் சேரும் தளங்களில், ஒரே பக்கம் ஊர்ந்திக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பக்கமாகத் தெரியும்.

தவறாகப் புரிதல். முந்நூறு சொல் கட்டுரையைச் சுற்றி மெனு, குறிச்சொல் பட்டியல், 'இவற்றையும் படியுங்கள்' வரிசை என்று எண்ணூறு சொற்கள் இருந்தால், எது மையம் என்று நிரல் தடுமாறும். பல துறைச் செய்திகள் கலந்த முகப்புப் பக்கத்துக்கும் இதே நிலைதான். 'இனிய தொடக்கம்' போன்ற அலங்காரத் தலைப்புகள் நிரலுக்கு எதையும் சொல்வதில்லை.

பக்கத்தைச் சாராத தேர்வு. நேற்று செருப்புக் கடைத் தளத்துக்குப் போன ஒருவரைச் செருப்பு விளம்பரம் வாரக்கணக்கில் பின்தொடரும். சென்னையிலிருந்து கியோட்டோ கோயில்களைப் பற்றிப் படிப்பவருக்குத் தாம்பரம் அடுக்குமாடி விளம்பரம் வந்தால், அது அவருடைய இருப்பிடத்தை வைத்து வந்தது.

கண்டறியும் முறை

தள உரிமையாளரின் சொந்த உலாவி நம்பத்தகாத சாட்சி. வலைவடிவமைப்பு, வழங்கி வாடகை, விளம்பரக் கருவிகள் என்று அவர் நாள்தோறும் தேடுபவை அவருடைய தளத்திலேயே விளம்பரமாகத் திரும்பி வரும். ஆகவே சோதனையைத் தனியுலாவல் சாளரத்தில் தொடங்கவேண்டும். வேறொரு கருவியிலும் பார்ப்பது நல்லது. அங்கே விளம்பரம் மாறிவிட்டால் குறை பக்கத்தில் இல்லை. தனியுலாவல் இருப்பிடத்தை மறைக்காது என்பதால் உள்ளூர் விளம்பரங்கள் அங்கும் வரும். விளம்பரத்தின் மூலையிலுள்ள சிறு குறியைத் தொட்டால், அது ஏன் காட்டப்பட்டது என்ற சுருக்கமான விளக்கம் பெரும்பாலும் கிடைக்கும்.

அடுத்து, தளத்தின் பிற பக்கங்களையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் குறை என்றால் அதன் உள்ளடக்கத்தையும், எல்லாப் பக்கங்களிலும் என்றால் ஊர்ந்திக்கான வழியையும் சோதிக்கலாம். வழங்கியின் வருகைப் பதிவேட்டில் மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள் என்ற பெயர் இருக்கிறதா, அதற்கு 200 என்ற விடை போயிற்றா, 403 என்று மறுக்கப்பட்டதா என்று பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும். புதிய பக்கமானால் ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும்.

சோதனைக்காகத் தன் தளத்து விளம்பரத்தைத் தானே சொடுக்குவது விதிமீறல்; கணக்கே முடக்கப்படலாம்.

சீர்செய்தல்

ஊர்ந்தி தடுக்கப்பட்டிருந்தால், ரோபாட்ஸ் கோப்பில் அதன் பெயரை எழுதி, அடுத்த வரியில் 'டிஸ்அலோ' என்ற சொல்லுக்குப்பின் எதையும் எழுதாமல் விடவேண்டும். அந்த வெற்றிடத்துக்கு 'தடை ஒன்றுமில்லை' என்று பொருள். அங்கே ஒரே ஒரு சாய்கோட்டை இட்டால் தளம் முழுவதும் அடைபட்டுவிடும். கடவுச்சொல் உள்ள பக்கங்களுக்கு, ஊர்ந்திக்கென்றே ஓர் உள்நுழைவு அமைத்துத்தரும் வசதி ஆட்சென்ஸ் கணக்கில் உள்ளது.

உள்ளடக்கக் குறையானால், பொருளை நேரே சொல்லும் தலைப்பு, முதல் பத்தியிலேயே மையச் சொற்கள், படத்துக்கு விளக்க எழுத்து, சுற்றுப்புறச் சரக்கைக் குறைத்தல் ஆகியவை பயன்தரும். பக்கத்தின் எந்தப் பகுதியைப் படிக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் தனிக் குறிப்புகளை ஆட்சென்ஸ் ஒருகாலத்தில் வழங்கியது. பழைய வழிகாட்டிகளில் அவை இன்னும் காணப்படலாம்.

வேண்டாத விளம்பரங்களை, விளம்பரதாரரின் முகவரியைக் கொண்டோ சோதிடம், எடைக் குறைப்பு, துணை தேடல் போன்ற வகைகளைக் கொண்டோ தடுக்கலாம். ஒவ்வொரு தடையும் ஏலத்தில் ஒருவரை வெளியேற்றுவதால் வருமானம் குறையக்கூடும். தடுத்த இடத்துக்குப் பொருத்தமான விளம்பரம் வந்துவிடும் என்ற உறுதியும் இல்லை.

தமிழ்ப் பக்கங்கள்

ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளில் தமிழ் 2018 பிப்ரவரியில் சேர்ந்தது. அதற்குமுன் தமிழில் மட்டும் எழுதப்பட்ட பக்கங்கள் அச்சேவையின் மொழிப் பட்டியலுக்கு வெளியே இருந்தன.

எழுத்துரு இங்கே தனிச் சிக்கல். ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால், கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவின் தயவால் மனிதக் கண் தமிழைக் காணும். ஊர்ந்திக்கு அது எந்த மொழியுமில்லாத எழுத்துக் குவியல். பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

சொல்லமைப்பு இன்னொன்று. விளம்பரதாரர் 'வீட்டுக்கடன்' என்ற சொல்லைக் கேட்டிருப்பார். கட்டுரையில் 'வீட்டுக்கடனுக்காகவும்' என்றிருக்கும். 'ஆறு' வேற்றுமை ஏற்றதும் 'ஆற்றில்' என உருமாறும். வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத நிரலுக்கு இவை வெவ்வேறு சொற்கள்.

பலபொருள் ஒரு மொழிகள் குழப்பத்தைக் கூட்டுகின்றன. 'வெள்ளி' உலோகமாகலாம், கிழமையாகலாம், கோளாகலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணமும் ஆகலாம். 'ஐம்பது வெள்ளி அபராதம்' என்ற சிங்கப்பூர்ச் செய்தியின் அருகே கொலுசு விளம்பரம் வர இந்த ஒரு சொல் போதும். பேருந்து, காவல்துறை, நீதிமன்றம் போன்ற சூழற்சொற்கள் செய்தியில் போதிய அளவு இருந்தால் நிரலுக்குப் பொருள் தெளியும். இரண்டு வரித் துணுக்கில் அதற்கு வாய்ப்பில்லை.

எல்லைகள்

பக்கம் பிழையின்றிப் படிக்கப்பட்டாலும், அப்பொருளில் விளம்பரம் தர ஆளில்லையென்றால் பொருந்தாத விளம்பரமே வரும். கல்வெட்டு ஆய்வு பற்றிய பக்கத்துக்கு வாசகர் இருப்பர், விற்பனையாளர் அரிது. இதைத் தளத்தின் பக்கம் நின்று சீர்செய்ய இயலாது.

பார்வையாளரைத் தொடரும் குக்கீகளை ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பர் முதல் இயல்பாகவே தடுக்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கீகள் அனைத்தையும் சஃபாரி 2020 மார்ச்சில் நிறுத்தியது. அவற்றைக் கைவிடப்போவதாக 2020இல் அறிவித்த குரோம், 2024 ஜூலையில் அம்முடிவிலிருந்து பின்வாங்கியது. ஆகவே ஒரே பக்கம், ஒரே நேரத்தில், ஓர் உலாவியில் எழுத்தை ஒட்டிய விளம்பரத்தையும் மற்றொன்றில் ஆளைத் துரத்தும் விளம்பரத்தையும் காட்டலாம். பொருத்தமின்மை பற்றிய எந்தப் புகாரிலும், எந்தப் பக்கம் என்பதோடு எந்த உலாவி, எந்த ஊர் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வது அதனால்தான்.