அக்கரையிலிருந்து திரும்பிய கப்பல்கள்

நாடு செழித்திருக்கும்போது உழைப்பாளியைக் கைகூப்பி அழைப்போர் பலர். நாடு நொடித்துப் போனால் அவனை ஏற்றுக்கொள்வோர் யார்? இக்கேள்விக்கான விடையைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1930 முதல் 1932 வரை மலேயா நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் தமிழ் மக்கள் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அந்த வரலாறே போதும்.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களின் ஏழை மக்களைக் கங்காணிமார் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று பேர் கொடுப்பதும், பால் மரம் வெட்டுவதும், இருட்டினால் லயத்தில் முடங்குவதுமே அவர்கள் வாழ்க்கை. இவர்களை அழைத்துவரும் செலவுக்கென 1907-இல் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்டத்தில் எத்தனை பேர் உழைத்தார்களோ அந்தக் கணக்குப்படி முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினர்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதற்கும் மலேயாத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உலக ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கியது அமெரிக்கா. அங்கே 1929-இல் சுமார் 53 லட்சம் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாயின. 1932-இல் சுமார் 13 லட்சமே. வண்டி குறைந்தால் டயர் குறையும். டயர் குறைந்தால் ரப்பருக்கு விலை ஏது? 1929-இல் ராத்தல் சுமார் 34 காசு விற்ற ரப்பர், 1932-இல் 7 காசுக்கு இறங்கிற்று.

அடி முதலில் விழுந்தது கூலியின்மேல். தோட்டங்கள் நிறைந்த முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 காசாக இருந்த நாட்கூலி, 1930-இல் 40, 32 எனக் குறைக்கப்பட்டது. பின்னர் வேலை நாட்கள் குறைந்தன. சில தோட்டங்கள் அடியோடு மூடப்பட்டன. எஞ்சியோர், உள்ள வேலையும் போய்விடுமோ என்றஞ்சிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டனர். ஆள் சேர்ப்பு நின்றது. ஆட்களை அழைத்துவந்த அதே நிதியிலிருந்து, இப்போது திருப்பி அனுப்பக் கப்பற் கட்டணம் செலுத்தப்பட்டது. அந்த மூன்றாண்டுகளில் இவ்வாறு கரை திரும்பியோர் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அக்கரையிலேயே பிறந்து, தாய் தந்தையரின் ஊரைக் கண்டறியாத பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆனால் அங்கே 1911-இல் தொடங்கிய காப்புறுதித் திட்டத்தால், போதாததாயினும் ஓர் உதவித்தொகை கிடைத்தது. அதே சாம்ராஜ்யத்தின் தோட்டத்தில் உழைத்த தமிழனுக்குக் கிடைத்ததோ கப்பல் டிக்கெட்டு மட்டுமே.

வந்திறங்கிய இடத்தில் என்ன காத்திருந்தது? நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்திருந்தது. மிராசுதாரர்களே கடனில் தத்தளிக்கையில் கூலியாளுக்கு வேலை ஏது? நிலவரியும் வட்டியும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. 1931-க்குப் பின் இந்தியாவிலிருந்து ஏராளமான தங்கம் வெளிநாடு சென்றது. அதில் ஏழைப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவையும் அடங்கும். மலேயாவிலிருந்து வந்த மணியார்டரை நம்பியிருந்த வீடுகளுக்கு, பணத்துக்குப் பதிலாகப் பசித்த வயிறுகள் வந்து சேர்ந்தன. மலேயாவின் கணக்கில் வேலையற்றோர் தொகை குறைந்தது உண்மையே. ஆனால் வேலையின்மை ஒழியவில்லை. அந்தச் சுமை நம் கிராமங்களின் தலையில் இறக்கப்பட்டது.

ரப்பர் விலை தேறியதும் 1934-இல் மறுபடி ஆள் சேர்த்தனர். 1938-இல் மீண்டும் மந்தம், மீண்டும் கப்பல்! அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசாங்கம், உதவி கொடுத்து ஆள் கொண்டுபோகும் முறைக்கே தடை விதித்தது. சுதந்தர இந்தியாவில் 1953-இல் தொழில் தகராறுச் சட்டம் திருத்தப்பட்டது. ஆலை, சுரங்கம் ஆகியவற்றில் தற்காலிகமாக வேலை நிறுத்தப்பட்டவருக்குப் பாதிச் சம்பளமும், ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளமும் தர அது வகை செய்தது. வேலை போவது தொழிலாளியின் குற்றமன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலமாயிற்று.

2020-இல் கொரோனாக் காலத்திலும் வளைகுடா நாடுகளிலிருந்து வேலையிழந்து பலர் ஊர் திரும்பியதைக் கண்டோம். அன்று கப்பல், இன்று விமானம். அக்கரைக்குப் போனவன் திரும்பி வரும்போது, "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். வெறுங்கையோடு வந்தவனை அந்தக் கேள்வி எவ்வளவு சுடும் என்பதை எண்ணிப் பார்ப்போம். முதலில் "சாப்பிட்டாயா?" என்று கேட்போம். அடுத்து, அவனுக்கு ஒரு வேலைக்கு வழி தேடுவோம். நம் வீடுகளில் மலேயாவிலிருந்து திரும்பிய தாத்தா, பாட்டியின் கதை எஞ்சியிருந்தால், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதி வைப்போம்.